தோணிப் பங்கு

அன்னப்பூரணியின் பெயர் ஏழு ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். இரண்டும் உண்மை. அதனால்தான் பல்கலைக்கழகத்தில் அவளைக் கூப்பிட்டார்கள்.

பழுகாமத்துக்குக் கிழக்கே, வாவிக் கரையில் அவளுடைய வீடு. சுற்றியிருப்பவர்கள் வயல்காரர்கள். காலையில் அவர்கள் மேற்கே வயல் வட்டைக்குப் போவார்கள். அவள் கிழக்கே தண்ணீருக்குப் போவாள். வீடு தாயிடமிருந்து வந்தது. தோணி புருசனோடு வந்தது. எலிக்காய்ச்சலில் புருசன் இறந்ததும், உறவுக்காரர் ஒருவர் தோணியை விலைக்குக் கேட்டு வந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கு கழியட்டும் என்றாள். கழிந்த மறுநாள் அவர் வந்தபோது கரையில் தோணி இல்லை. அவள் அதில் ஏறி நடு வாவியில் நின்றாள். கம்பு ஊன்றத் தெரியாமல் தோணி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை அன்று கரையில் நின்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மகள் கஜானி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். மற்ற நாட்களில் அன்னப்பூரணி தனியாகத்தான் இருந்தாள். விடியும்போது பிடித்த இறாலைக் காத்தான்குடி வியாபாரி முகைதீன்பாவா மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போவார்; அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள். அதுதான் வாழ்க்கை. அதில் ஒரு குறையும் அவள் கண்டதில்லை.

ரதீஸ் வந்தது பெற்றோல் கிடைக்காத வருடத்தில். வாழைச்சேனைப் பையன். தகப்பன் அடுத்தவருடைய போட்டில் கடலுக்குப் போனவர். மகன் படித்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் விரிவுரையாளராகியிருந்தான். வாவியில் உப்பு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது அவனுடைய ஆய்வு. எஞ்சின் தோணிகள் எல்லாம் கரையில் கிடந்ததால், கம்பு ஊன்றிப் போகும் தோணி தேடி வந்தான்.

“மாமி, வாவிக்குள்ள சில இடத்தில தண்ணி அள்ளணும். ஏத்திட்டுப் போவீங்களா?”

“தண்ணிதானே மகன். கரையில நிண்டு அள்ளினா என்ன?”

“கரைத் தண்ணி வேற, நடுத் தண்ணி வேற.”

“குடிக்கவா?”

“குடிக்க ஏலா மாமி.”

“குடிக்கேலாத தண்ணிக்கு இவ்வளவு தூரமா,” என்று சொல்லிக்கொண்டே கம்பை எடுத்தாள்.

கூலி கொடுக்க அந்த வருடம் பல்கலைக்கழகத்தில் வழி இருக்கவில்லை. அவன் தன் பையிலிருந்து எடுத்து நீட்டியபோது அவள் வாங்கவில்லை. மாதங்கள் கழித்து, அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள். மூன்றாவதை விரலால் தொட்டான்.

“இது நீங்க.”

“நானா? என்னத்துக்கு?”

“தோணிப் பங்கு மாமி.”

அவளுக்கு உடனே விளங்கியது. கடலிலும் சரி வாவியிலும் சரி, பிடிபட்டதைப் பிரிக்கும்போது போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. தோணிக்கும் ஒரு பங்கு. தோணிக்காரர் அன்று வராவிட்டாலும், வருத்தம், காய்ச்சல் என்று படுத்திருந்தாலும், அந்தப் பங்கு அவருடைய வீட்டுக்குப் போகும். யாரும் கேட்பதில்லை. ரதீஸ் அப்படிப் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அவனிடம் பிரிக்க மீன் இல்லை, பெயர்தான் இருந்தது.

“இத வெச்சி என்ன செய்யிற?”

“ஒண்டும் செய்யேலா. வெச்சிக்கொள்ளலாம்.”

பிறகு அவன் கலாநிதிப் பட்டத்துக்காக மலேசியாவுக்குப் போனான். போகுமுன் போத்தல்களையும் ஒரு வெப்பமானியையும் கொடுத்து, தண்ணீர் அள்ளும் இடங்களில் தடி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போனான். அவள் கிழமைக்கு ஒருமுறை போத்தல்களை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வெள்ளம் வந்த கிழமையிலும் போனாள். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டு, தண்ணீர் கடலுக்கு இழுத்த கிழமையிலும் போனாள். ஏன் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்று கஜானி கேட்டபோது, “அந்தப் புள்ள அங்க இருந்து பாத்துக்கொண்டு இருக்கும்” என்றாள். அந்தப் போத்தல்களிலிருந்து மேலும் ஐந்து கட்டுரைகள் வந்தன. எல்லாவற்றிலும் அவளுடைய பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. வேறு எதைப் போடுவதென்று ரதீஸுக்குத் தெரியவில்லை.

ஏழாவது கட்டுரை வேறு. அவன் திரும்பி வந்தபிறகு செய்தது. வாவி இறாலின் குடலில் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைப் பற்றியது. அந்த இரண்டு கிழமையும் அன்னப்பூரணி பித்தப்பையில் கல் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த வளவில் குடியிருக்கும் நிலோஜன்தான் தோணியைக் கொண்டுபோனான். அவனுக்கு நாட்கூலி கொடுத்து ரதீஸ் கணக்கு முடித்தான்.

அந்தக் கட்டுரை ஓடியது. எங்கெங்கோ நாடுகளில் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள்.

உலகத்துப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உண்டு. அது யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்பதில்லை. எண்ணும். எத்தனை கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மேற்கோள், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர். அப்படி எண்ணியதில் இந்தப் பல்கலைக்கழகம் முந்திய வருடம் முதன்முறையாக வரிசைக்குள் வந்திருந்தது. இந்த வருடம் ஓர் ஈமெயில் வந்தது. உங்களிடம் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவரான அ. அன்னப்பூரணி உங்கள் ஊழியர் விபரத்தில் இல்லை. அவர் யார், கட்டுரைகளில் அவருடைய பங்கு என்ன என்பதை உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாத கட்டுரைகள் எண்ணப்படமாட்டா.

இல்லாத ஆளின் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ரதீஸுக்குத் தகுதிகாண் காலம் முடியவில்லை. பொய்ப் பெயர் என்று ஆனால் அவனுடைய வேலை அதோடு சரி.

முதலில் கஜானிதான் போனில் சொன்னாள். இணையத்தில் தேடிப் பார்த்திருந்தாள்.

“அம்மா, உன்ர பேரைப் போட்டா பக்கம் பக்கமா வருது. உனக்கு எச்-இன்டெக்ஸ் ஆறாம்.”

“அது என்ன வருத்தம்?”

“வருத்தம் இல்ல. எவ்வளவு பேர் உன்னப் படிச்சி எழுதியிருக்காங்க எண்டு ஒரு கணக்கு. எங்கட மெனேஜர்ர தம்பி கொழும்பில லெக்சரர். அவருக்கு மூண்டுதான்.”

“பாவம்.”

“சிரிக்காத. கெம்பஸில கூப்பிடுவாங்க. எது கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதைக்காத.”

மறுநாள் ரதீஸ் வந்தான். மெலிந்திருந்தான். வெள்ளிக்கிழமை விசாரணை என்றான். ஒவ்வொரு கட்டுரைக்கும் அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்களாம்.

“நடந்ததச் சொல்லுங்க மாமி. ஒண்டும் கூட்ட வேணாம். ஆய்வு மாதிரி, சாம்பிள் எல்லாம் நீங்கதான் எடுத்தீங்க. கட்டுரையிலயும் அப்படித்தான் போட்டிரிக்கன்.”

“எல்லாத்திலயுமா?”

“எல்லாத்திலயும் ஒரே வரிதான். மாதிரி சேகரித்தவர் அன்னப்பூரணி.”

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் ஒளிக்கவில்லை. அந்த இரண்டு கிழமை யார் கம்பு ஊன்றினார் என்பதை மறந்திருந்தான். சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் அவன் என்ன செய்வான். தெரிந்துகொண்டு போய்ப் பொய் சொல்லவேண்டும், அல்லது தானே போய்த் தன் வேலையைக் கெடுத்துக்கொள்ளவேண்டும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

வியாழன் பின்னேரம் பீடாதிபதியே போனில் கூப்பிட்டார். பேராசிரியர் கனகசிங்கம். மரியாதையாகக் கதைத்தார்.

“அம்மா, பயப்பட ஒண்டும் இல்ல. ஏழு கட்டுரைக்கும் நான்தான் மாதிரி எடுத்தன் எண்டு ஒரு வசனம். அவ்வளவுதான். திங்கக்கிழமைக்குள்ள நாங்க பதில் அனுப்பணும்.”

“அனுப்பாட்டி?”

“வரிசையில இருந்து விழுந்திருவம்.”

“தம்பி ரதீஸுக்கு?”

“நீங்க அந்த வசனத்தச் சொன்னா அவருக்கு ஒண்டும் இல்ல.”

அன்று நேரம் பிந்தி இறால் வாங்க வந்த முகைதீன்பாவா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசைக் கீழே வைத்தார். அவருக்கும் கதை எட்டியிருந்தது.

“என்ன புரொபெசர், யோசினையா இரிக்கீங்க.”

“பகிடி விடாதீங்க காக்கா. நாளைக்கு விசாரணை.”

“எங்கட இறாலுக்குள்ள பிளாஸ்டிக் எண்டு எழுதினதும் நீங்கதானாமே. என்ட வியாபாரத்த நீங்களே கவுக்கப் பாத்தீங்க.”

“அத நான் எழுதல்ல.”

“எழுதல்லையா?”

“நான் ஆஸ்பத்திரியில.”

முகைதீன்பாவா தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு, “அதச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். அவள் தெரியாது என்றாள். உண்மையில் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அறை குளிராக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பீடாதிபதி. பக்கத்தில் கேதீஸ்வரி என்ற உதவிப் பதிவாளர். தரவரிசைக்கான எண்களைத் திரட்டுவது அவளுடைய வேலை. மடிக்கணினி திறந்திருந்தது. ஓரத்தில் ரதீஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அவள் நேரில் வந்து உட்கார்ந்ததிலேயே பாதிப் பிரச்சினை முடிந்துவிட்டது. இல்லாத ஆள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. கேதீஸ்வரி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். சிரித்தாள்.

பீடாதிபதி ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் தமிழில் சொன்னார்.

“இது உப்பு பத்தினது. மாதிரி எடுத்தது நீங்களா?”

“ஓம் சேர். தம்பியும் நானும்.”

“இது வெள்ளத்துக்குப் பிறகு.”

“ஓம். அது நான் தனிய. தடி ரெண்ட வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிட்டு. தேடிப் பிடிச்சு நட்டன்.”

ஆறும் இப்படிப் போயின. கேதீஸ்வரி தட்டச்சுச் செய்துகொண்டே வந்தாள். பீடாதிபதியின் குரல் இளகியிருந்தது.

“கடைசி. இறாலும் பிளாஸ்டிக்கும். இதுவும் நீங்கதானே.”

கஜானி சொன்ன ஓம் நாக்கில் இருந்தது. ரதீஸைப் பார்த்தாள். அவன் தைரியமாகத் தலையசைத்தான். ஒன்றும் தெரியாமல் அசைத்த அந்தத் தலைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது ஓம் என்றால், அவன் என்றைக்காவது நினைவு வந்து இதைச் சுமக்கவேண்டும். இல்லை என்றால் இப்போதே.

“அதுக்கு நான் போகல்ல சேர். தோணிதான் போனது.”

பீடாதிபதி தாளிலிருந்து நிமிர்ந்தார்.

“நான் ஆஸ்பத்திரியில இருந்தன். பித்தக் கல். அடுத்த வளவு நிலோஜன்தான் கம்பு ஊண்டினவன்.”

“அப்ப உங்கட பேர் ஏன் இதில?” என்றார் பீடாதிபதி.

“தோணிப் பங்கு.”

பீடாதிபதிக்கு விளங்கவில்லை. அவர் வயல்கார வீட்டுப் பிள்ளை. கேதீஸ்வரி தட்டச்சை நிறுத்தினாள். அவளுடைய அப்பா கல்குடாவில் கரைவலை இழுத்தவர்.

“தோணிக்காரர் வராட்டியும் தோணிக்கு ஒரு பங்கு போகும் சேர். அத நினைச்சுப் போட்டிரிக்காங்க.”

ரதீஸ் எழுந்து நின்றிருந்தான். 

“ஓம் சேர். நிலோஜன்தான் வந்தவன். இப்பதான் ஞாபகம் வருது. முந்தின கட்டுரையில இருந்த வரிய அப்படியே எடுத்துப் போட்டுட்டன். என்ட பிழை. மாமிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“நிலோஜன்ட பேர் கட்டுரையில இரிக்கா?” என்று கேதீஸ்வரி கேட்டாள்.

“இல்ல. கூலி குடுத்தன்.”

அன்னப்பூரணி திரும்பினாள். இது அவளுக்கும் புதிது.

“அவன்ட பேரே இல்லையா மகன்?”

“இல்ல மாமி.”

“போனவனுக்கு இல்லாம தோணிக்கு மட்டும் பங்கா? எங்கட கரையில எண்டா அடிபாடு வந்திரிக்கும்.”

அந்த வசனத்தைக் கேட்டு முதலில் சிரித்தது பீடாதிபதிதான். அவருக்குச் சிரிக்க விருப்பமில்லை என்பது தெரிந்தது. சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அம்மா, போன்ல நான் சொன்னது ஒரே ஒரு வசனம்.”

“அத நான் ஆறு தரம் சொல்லிட்டன் சேர். ஏழாவது தரம் வரல்ல.”

கேதீஸ்வரி நிலைமையை விளக்கினாள். அந்தக் கட்டுரையிலிருந்து அவளுடைய பெயரை எடுத்து, ஆய்விதழில் திருத்தம் போடவேண்டும். அது வர மாதங்களாகும். அதுவரைக்கும் கட்டுரை எண்ணப்படாது. இந்த வருடம் பல்கலைக்கழகம் கீழே இறங்கும். திருத்தம் வந்தபிறகு அடுத்த வருடம் மறுபடி எண்ணுவார்கள். மற்ற ஆறிலும் அவளுடைய பெயர் இருக்கலாம், ஆனால் பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தைப் போடக்கூடாது.

“அப்ப எதப் போடுற?” என்றார் பீடாதிபதி.

“ஊர்ப் பேர். பழுகாமம்.”

ரதீஸைப் பற்றி மட்டும் அங்கே முடிவு சொல்லவில்லை. அது பேரவை முடிவு செய்யவேண்டியது என்றார்கள். வெளியே வந்து பஸ் தரிப்பிடம்வரை அவன் கூடவே நடந்தான்.

“எனக்கு முதல்லயே சொல்லியிரிக்கலாம் மாமி.”

“சொல்லியிருந்தா நீ என்ன செய்திருப்பாய்?”

 பஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு அவளுக்கு வீடு பிடிக்கவில்லை. தண்ணீரும் பிடிக்கவில்லை. போட்ட வலையை எடுக்க மறந்து, இறால் செத்து, முகைதீன்பாவா வெறும் பெட்டியோடு திரும்பினார். கஜானி போனில் திட்டினாள்.

“ஓம் எண்ட சொல்லுக்கு என்ன செலவு அம்மா?”

“வாய்க்குள்ளதான் நிண்டது புள்ள.”

“அந்தாள்ர வேலை போனா?”

அன்னப்பூரணி போனை வைத்தாள். அதைத்தான் அவளும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு பாதியில் நின்றது. ரதீஸ் போனில் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது.

நிலோஜனிடம் மட்டும் போய், உன்னுடைய பெயரைக் கட்டுரையில் போடச் சொல்லியிருக்கிறேன் என்றாள். அவன் வலை பின்னுவதை நிறுத்திவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தான்.

“என்ட பேரா? வேணாம் மாமி. பேரப் போட்டா மறுகா ஆராச்சும் விசாரிச்சு வருவாங்க.”

“நீ செய்த வேலைதானே.”

“வேலைக்குக் கூலி வாங்கிட்டன். உங்கள விசாரணைக்குக் கூப்பிட்டது காணாதா?”

கடைசியில் நன்றி தெரிவிக்கும் இடத்தில் போட்டால் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டான். அதை மட்டும் யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

தை மாதம் வெயில் ஏறிய ஒரு மத்தியானம் ரதீஸ் வந்தான். மோட்டார் சைக்கிளை வேலியோடு சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே வாசலுக்கு வந்து, பிறகு நினைவு வந்து திரும்பிப் போய்க் கழற்றினான். அவள் அடுப்படியில் இருந்து பார்த்தாள். நடையில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“மாமி.”

“சொல்லு மகன்.”

“நிரந்தரமாக்கிட்டாங்க.”

அவள் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“எச்சரிக்கை ஒண்டு குடுத்திரிக்காங்க. இனிக் கட்டுரையில ஆர் என்ன செய்த எண்டு சரியாப் பாத்துப் போடணும் எண்டு. அவ்வளவுதான். கேதீஸ்வரி மிஸ்தான் பேரவையில கதைச்சிரிக்கா. பிழையச் சொன்னது எங்கட ஆள்தானே, வெளியில இருந்து வந்து பிடிக்கல்லையே எண்டு.”

“இரு. தண்ணி தாறன்.”

தண்ணீர் எடுக்கப் போனவள் செம்பு இல்லாமல் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். அவனும் தரையில் உட்கார்ந்தான்.  வெளியே காகம் ஒன்று மீன் கழுவிய இடத்தைக் கிளறியது.

“கெம்பஸ்?” என்று கேட்டாள்.

“விழுந்திட்டு.”

“கனக்கவா?”

“இருநூறு இடம் மாதிரி.”

“விழுந்ததில ஆருக்கும் அடிபட்டதா?”

ரதீஸ் யோசிப்பவனைப் போல மேலே பார்த்தான். “கெண்டீன் திறந்திரிக்கு. பொடியன்மார் வகுப்புக்கு வாறாங்க. டீன் சேர் ரெண்டு கிழமை என்னோட கதைக்கல்ல. இண்டைக்குக் காலையில கதைச்சார்.”

“என்ன சொன்னார்?”

“பழுகாமத்துக்கு இப்ப ஆறு கட்டுரை இரிக்காம். அடுத்த வருசம் அந்த ஊரையும் வரிசையில போடுவானுகளோ எண்டு கேட்டார்.”

அவள் சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், வயிற்றில் கல்லுக்கு அறுத்த இடம் இழுத்தது, அடக்க முடியவில்லை. ரதீஸும் சிரித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு தட்டில் சோறு போட்டு, இறால் குழம்பை ஊற்றினாள்.

“பிளாஸ்டிக் இரிக்கும்,” என்றான் ரதீஸ்.

“தின்னு.”

அவன் தின்றான். அவளும் தின்றாள். தட்டை வழித்தபிறகும் பசி அடங்கவில்லை. சட்டியைக் கிட்ட இழுத்து இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டாள்.